ஹயாலியாவுக்குக் குடிபோகிறோம். கியூபாக்காரர்கள் நடுவே வளர்ந்த நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கீங்களா?

சென்னிமலைக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கங்க. எனக்குப் பிறந்த ஊர் சென்னிமலை, கட்டிக்கொடுத்தது பெருந்துறை. வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் மயாமியில் வேலை கிடைத்து நாலு மாசமாக அங்கேதான் இருக்கிறார். வருகிற ஜூனில் நானும் பாப்பாவும் போகிறோம். பாப்பாவுக்கு ஆறு வயசு ஆகப்போகிறது, யூகேஜி முடிக்கிறாள்.

மயாமியை ஒட்டி ஹயாலியா என்று ஒரு ஊர். அங்கேதான் வீடு பார்த்திருக்கிறார். வேலைக்குப் பக்கம், வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் கியூபாக்காரர்களாம். மளிகைக் கடை, மருந்துக் கடை, டாக்டர் எல்லா இடத்திலும் ஸ்பானிஷ்தானாம். போன வாரம் வீடியோ காலில் தெருவைக் காட்டினார். ஒரு பலகையைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. யாரோ வீட்டுச் சேவல் ஒன்று ரோட்டைக் கடந்து போனது, அதைப் பார்த்துப் பாப்பா கைதட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாமியார் தினமும் சொல்கிறார்: "இங்கிலீசு படிக்கட்டும்னுதானே அத்தனை தூரம் போறீங்க. அங்க போயும் வேற பாசை பேசற சனத்துக்கு நடுவுல புள்ளைய உட்டா அது எதுலயும் சேராமப் போயிரும்." வீட்டுக்காரரின் கூட வேலை செய்கிறவர்களும் அகதிகளாக வந்தவர்கள் இருக்கிற இடம், யோசித்துப் போ என்கிறார்களாம்.

அந்த மாதிரி இடத்தில் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள்? நம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? தமிழ் போய்விடுமா? பட்டவர்கள் யாராவது இருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்க.

கரூர் தறிக்காரர் மகன்:

சகோதரி, ஃபுளோரிடாவில் நாங்கள் நாலு வருஷம் இருந்தோம். முதல் வருஷம் ஹயாலியா பக்கம்தான். மனுசர்கள் நல்லவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் மனைவிக்கு அந்த ஒரு வருஷம் ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாக்கள் எல்லாம் ஸ்பானிஷில் பேசிக்கொண்டு நிற்பார்கள், இவள் மட்டும் தனியாக நிற்பாள். பையனும் இங்கிலீஷ் பேச ஆறேழு மாசம் எடுத்துக்கொண்டான். அப்புறம் வடக்கே புரோவார்டு பக்கம் மாறினோம், அங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பொங்கல், தீபாவளி எல்லாம் இருந்தது. அவர் காரில் அரை மணி நேரம் கூடப் போய்வர முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கவுந்தப்பாடி மகள்:

தங்கச்சி, நான் 1986 ஜூனில் ஹயாலியாவுக்குப் போனேன். எனக்கும் அப்போது ஆறு வயசுதான். 2000 ஆகஸ்டில் திரும்பினோம். பதினாலு வருஷம் அந்த ஒரே தெருவில், ஒரே வீட்டின் பின்கட்டில். இப்போது கவுந்தப்பாடியில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைக் காலையிலேயே பார்த்துவிட்டேன், வேலையெல்லாம் முடித்து ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கப்பா தையல் மெஷின் மெக்கானிக். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவரைப் பெரியப்பா கூப்பிட்டுக்கொண்டார். ஹயாலியா அப்போது தையல் கம்பெனிகளின் ஊர். மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களில் பெரும்பாலோர் கியூபாக்காரர்கள். ஊரைப் பற்றி அவர்களே ஒரு வசனம் சொல்வார்கள்: "ஆகுவா, ஃபாங்கோ, இ ஃபாக்டோரியா." தண்ணி, சேறு, ஃபேக்டரி. ஒரு மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அது வடிவதற்குள் சங்கு ஊதிவிடும். கம்பெனிக்குப் போகாத பெண்கள் வெட்டின துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து வீட்டில் தைத்தார்கள். திருப்பூரில் வீட்டுக்கு வீடு பீஸ் எடுத்துத் தைக்கிறதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தெரு அந்நியமாகவே தெரியாது.

முன்கட்டில் ஒரு பாட்டியும் தாத்தாவும் இருந்தார்கள். அபுவேலா என்றால் பாட்டி. நாங்கள் போய் இறங்கின அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து எங்கம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். பெரியப்பா மொழிபெயர்த்தார். அம்மா "இண்டியா" என்றார். அபுவேலா தலையை ஆட்டி, நாட்டைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்டேன் என்றார். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கியூபாவில் எந்த ஊரோ அந்த ஊர்க்காரர்களுக்கு மயாமியில் ஒரு சங்கம் இருக்கும், வருஷத்துக்கு ஒரு தரமாவது கூடிச் சாப்பிடுவார்கள். நாம் யாரையாவது பார்த்த உடனே ஊர் எது, குலதெய்வம் எங்கே என்று விசாரித்து, நாலாவது கேள்விக்குள் ஒரு ஒறம்பரையைப் பிடித்துவிடுவோமே, அதே பழக்கம். அம்மா "கவுந்தப்பாடி" என்றார். அபுவேலா அதை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் தெருவில் எங்களை யாரிடம் காட்டினாலும் "இவங்க கவுந்தப்பாடிக்காரங்க" என்றுதான் சொன்னார். பதினாலு வருஷமும் இந்தியா என்று அவர் சொல்லவே இல்லை.

உங்கள் மாமியாருக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்பானிஷ் மூணு மாசத்தில் வந்துவிட்டது, இங்கிலீஷ் ஒரு வருஷத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்திருந்தார்கள். அங்கே அது தினப்படி வேலை. மயாமியில் கோரல் வே என்ற ஆரம்பப்பள்ளி 1963லேயே இங்கிலீஷ், ஸ்பானிஷ் இரண்டிலும் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. மொழி தெரியாத குழந்தை புதுசாக வந்து நிற்பது அவர்களுக்கு அறுபது வருஷப் பழக்கம். மூணாவது போகும்போது நானும் மற்ற பிள்ளைகளும் எங்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம். பாட்டி ஸ்பானிஷில் கேட்பார், பேரன் இங்கிலீஷில் பதில் சொல்வான். வயசானவர்களின் வெசனமெல்லாம் இங்கிலீஷ் வராமல் போய்விடுமோ என்பது இல்லை, ஸ்பானிஷ் போய்விடுமோ என்பதுதான்.

கரூர் தம்பி சொன்ன தனிமை உண்மை. எங்கம்மாவும் அழுதிருக்கிறார். ஆனால் அம்மாவை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது சமையல்தான். எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூணு நாள் அரிசிம்பருப்பு. ஒருநாள் குக்கர் திறந்த வாசத்துக்கு அபுவேலா பின்கட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு கிண்ணத்தில் காங்க்ரி கொண்டுவந்தார். அரிசியையும் பயறையும் ஒரே சட்டியில் போட்டு, பூண்டும் சீரகமும் தாளித்து வேகவைத்த சோறு. அம்மா ஒரு வாய் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "கண்ணு, இது நம்மூட்டுச் சோறு" என்றார். வழக்கமாக அதில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள். நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்ததும் எங்களுக்கு மட்டும் எண்ணெயில் தாளித்துத் தனிச் சட்டி. கடைசிவரை அந்தச் சட்டியில் வேறெதுவும் அவர் சமைத்ததில்லை. நம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, அங்கே யூக்கா. வேகவைத்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சூடான எண்ணெயில் கலந்து மேலே ஊற்றுவார்கள். சேலம், ராசிபுரம் பக்கத்து ஆட்கள் யாரையாவது கூட்டிப்போய் ஒருதரம் ஊட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்தது அம்மை. 1992 நவம்பரில் தம்பிக்கு அம்மை போட்டது, அப்போது அவனுக்கு நாலு வயசு. அம்மாவுக்கு வேப்பிலை வேண்டும், மஞ்சள் நீர் தெளிக்க வேண்டும், பண்ணாரி அம்மனுக்குக் காசு முடிந்துவைக்க வேண்டும். டாக்டரிடம் காட்டினோம், தானாக இறங்கும் என்றார், அது சரிதான். ஆனால் சாமிக்குச் சொல்லாமல் அம்மாவால் இருக்க முடியவில்லை. அபுவேலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கு எங்களிடம் ஒருத்தர் இருக்கிறார் என்றார். சான் லாஸரோ. ஊன்றுகோலோடு, கால் புண்ணை நாய்கள் நக்க நிற்கிற கிழவர். தோல் நோய்க்கு அவரைத்தான் வேண்டுவார்கள். கரும்புக் காட்டு வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்கள் தங்கள் அம்மை நோய்ச் சாமியான பாபலு ஆயேயை இவருக்குள் வைத்துத்தான் கும்பிட்டார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. "அம்மைக்கு இவங்களுக்கும் சாமி இருக்குதுங்க" என்று அப்பாவிடம் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

டிசம்பர் 17 அவருடைய நாள். ஹயாலியாவிலேயே அவருக்குக் கோயில் உண்டு. ஊதாத் துணி, சாக்குத் துணி உடுத்தினவர்கள், முட்டிபோட்டு நகர்ந்து வருகிறவர்கள், காசு போடுகிறவர்கள், கூடவே நாய்கள். அபுவேலா தம்பிக்காகச் சாக்குத் துணியில் பாவாடை தைத்து உடுத்தியிருந்தார். பண்ணாரியில் பங்குனியில் குண்டம் இறங்க மஞ்சள் துணியோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்த எங்கம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், அபுவேலா பின்னாலேயே போனார்.

இப்போது கெட்டது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

அபுவேலாவும் தாத்தாவும் 1969ல் வந்தவர்கள். கியூபாவில் 1959ல் ஃபிடல் காஸ்ட்ரோ கைக்கு ஆட்சி மாறின பிறகு கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். முதலில் வசதியானவர்கள். 1960இலிருந்து 1962 வரை பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை அப்பா அம்மா துணையில்லாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் மருந்துக் கடை வைத்திருந்தவர் அப்படி எட்டு வயசில் வந்தவர். 1965 கடைசியிலிருந்து 1973 வரை வரடேரோ என்ற இடத்திலிருந்து மயாமிக்கு விமானங்கள் விட்டார்கள், இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் அதில் வந்தார்கள். தாத்தா சர்க்கரை ஆலையில் கணக்கெழுதினவர். போகிறேன் என்று எழுதிக்கொடுத்த அன்றைக்கே வேலை போய்விட்டது. முறை வரும்வரை கரும்பு வெட்ட அனுப்பிவிட்டார்கள், இரண்டு வருஷம்.

எழுதிக்கொடுத்த உடனே வீட்டுக்கு ஆட்கள் வந்து சாமான்களையெல்லாம் பட்டியல் எடுப்பார்களாம். நாற்காலி, கட்டில், போர்வை, தட்டு, கரண்டி, எல்லாம். கிளம்புகிற அன்றைக்குத் திரும்ப வந்து சரிபார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் பயணம் நின்றுபோகலாம். பட்டியலில் ஆறு காபிக் கோப்பை. கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போது ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. அபுவேலா அதே மாதிரி கோப்பைக்காக ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் அவருடைய தங்கை தன் வீட்டுக் கோப்பையைக் கொடுத்தாராம். ஆறு கோப்பையை வரிசையாக மேசைமேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம் என்பார். இந்தக் கதையை அவர் எப்போதும் காபி போடும்போதுதான் சொல்வார். முதலில் இறங்குகிற நாலு சொட்டு டிகாஷனைச் சர்க்கரையில் விட்டு, கரண்டியால் அடிப்பார். அடிக்க அடிக்க அது வெளுத்து நுரையாகும், அதன்மேல் மீதிக் காபியை ஊற்றுவார். கதையில் தங்கை வருகிற இடம் வந்தால் கரண்டி வேகமாகும்.

தங்கை அங்கேயே நின்றுவிட்டார். அவரை அபுவேலா அப்புறம் பார்க்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கொல்லையில் பெட்டி அடுப்பில் பன்றி சுட்டு, எல்லாரும் கூடி, கோப்பையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வார்கள்: "அடுத்த வருஷம் கியூபாவில்." பதினாலு தரம் அதைக் கேட்டிருக்கிறேன். 1989ல் பெர்லின் சுவர் விழுந்தது, 1991ல் காஸ்ட்ரோ ஆட்சியைத் தாங்கிப் பிடித்திருந்த சோவியத் யூனியன் கலைந்தது. அந்த இரண்டு வருஷமும் தெருவே பெட்டி கட்டாத குறைதான். தாத்தா புதுச் செருப்பு வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தார். ஊர் போய்த்தான் போடுவேன் என்றார். 1997ல் இறந்தபோதும் அது பெட்டியில்தான் இருந்தது.

எங்கப்பாவும் வருஷா வருஷம் "அடுத்த வருசம் ஊருக்கே போயிர்லாம்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சின்ன வயசில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நமக்கும் ஊருக்குப் போக வழியில்லை, யாரோ நம்மையும் விரட்டிவிட்டார்கள் என்று நம்பியே நான் ஏழெட்டு வருஷம் வளர்ந்தேன். கவுந்தப்பாடி பேரைச் சொன்னால் அழுவேன். 1994 கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து, அப்பாரு (எங்கள் சொந்தத் தாத்தா) கையைப் பிடித்துக்கொண்டு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் டிக்கெட் எடுத்தால் வந்துவிடலாம், அவர்களுக்குத்தான் முடியாது. அவர்களின் ஏக்கத்தை நான் என்னுடையது என்று நினைத்துச் சுமந்திருக்கிறேன். தங்கச்சி, கெட்டது என்றால் நான் சொல்வது இதைத்தான். அந்தச் சனங்கள் பிள்ளைகளை அள்ளி அணைத்துக்கொள்வார்கள். அணைக்கும்போது அவர்கள் துக்கமும் சேர்ந்து ஒட்டும். பாப்பாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்க, நாம் அப்பா வேலைக்காக வந்திருக்கிறோம், சென்னிமலை அங்கேயேதான் இருக்கிறது, பாட்டி வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கிறது என்று.

அந்த விடுமுறையில் திரும்பும்போது அச்சு வெல்லம் இரண்டு கிலோ எடுத்துப் போனோம். ஒரு அச்சை அபுவேலா கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ராஸ்படூரா" என்றார். அங்கே வெல்லத்துக்கு அதுதான் பேர். தாத்தாவைக் கூப்பிட்டு அவர் வாயில் ஒரு துண்டு போட்டார். சர்க்கரை ஆலையில் வேலை செய்த மனுசர், வாயில் வைத்துக்கொண்டு மெல்லவே இல்லை, கரையட்டும் என்று விட்டுவிட்டார்.

அதே வருஷம் ஆகஸ்டில்தான் கியூபாவிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டயர், கட்டை, தகரம் எல்லாம் கட்டிக் கடலில் இறங்கினார்கள். அமெரிக்கக் கடற்காவல்படை அவர்களைப் பிடித்தது. குவான்டனாமோவில் இருக்கிற அமெரிக்க ராணுவத் தளத்து முகாமில் வைத்து, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குள் விட்டார்கள். எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு பையன் வந்தான். முன்னாடியே வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவனைப் பரிகாசம் செய்தார்கள், செருப்பையும் பேச்சையும் சொல்லி. 1980ல் மரியல் துறைமுகத்திலிருந்து வந்த ஒன்றேகால் லட்சம் பேரையும் முந்தி வந்தவர்கள் அப்படித்தான் நடத்தினார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரே ஊர், ஒரே பாஷை, வந்த வருஷம்தான் வேறே. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் பாப்பா வகுப்பிலும் நேற்று வந்த பிள்ளை ஒன்று இருக்கும். பக்கத்தில் உட்காரச் சொல்லுங்க.

1994ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட நாஃப்டா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு தையல் வேலை மெக்சிகோ பக்கம் போனது, கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா தாக்குப்பிடித்துப் பார்த்தார். 2000ல், அம்மாவைக் கடலில் பறிகொடுத்து வந்து, கியூபாவிலிருந்த அப்பாவிடமே திருப்பி அனுப்பப்பட்ட சிறுவன் எலியான் விஷயத்தில் மயாமியே கொதித்து ஓய்ந்திருந்த சமயம் நாங்கள் பெட்டி கட்டினோம். அபுவேலா ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நாங்கள் பெட்டியில் வைக்க வைக்க ஒவ்வொன்றாக எழுதினார். குக்கர் ஒன்று, டம்ளர் பன்னிரண்டு, முருகன் படம் ஒன்று. எதற்கு என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கடைசிப் பெட்டி ஒட்டினதும் தாளைக் கிழித்து அம்மா கையில் கொடுத்து, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. யாரும் எண்ண வரமாட்டாங்க" என்றார். அந்தத் தாள் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

கோத்தகிரி பையன்:

அக்கா, படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அதில் எங்கம்மா ஒருவர். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே டான்டீ என்ற அரசுத் தேயிலை எஸ்டேட்டில் வேலை கொடுத்தார்கள். தாயகம் திரும்பியவர்கள் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. இங்கே வந்து இறங்கினபோது அம்மாவுக்கு ஒருத்தரைக்கூடத் தெரியாது. அம்மா "ஊரு" என்று சொன்னால் அது ஹட்டன்தான். நான் கோத்தகிரியில் பிறந்தவன், எனக்கு ஹட்டன் ரயிலடி, கோயில் தேர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் எல்லாம் பார்த்தமாதிரி தெரியும். பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரன்" என்பார்கள். நீங்கள் சொன்ன அந்த ஒட்டிக்கொள்கிற துக்கம் எனக்கும் ஒட்டியது, அதற்கு இத்தனை நாள் என்னிடம் வார்த்தை இல்லை.

சென்னிமலை அக்கா, அகதிகள் இடம் என்று யாராவது சொன்னால் பயப்படாதீங்க. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கு உடனே தெரியும். நான் பசியோடு தூங்கின ராத்திரி ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

கவுந்தப்பாடி அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தப் பாட்டி ஒருதரமாவது போய்ப் பார்த்தாரா?

கவுந்தப்பாடி மகள்:

இல்லை தம்பி. 1979ல் ஒருதரம் போய்வர விட்டார்கள், அந்த ஒரு வருஷத்திலேயே ஒரு லட்சம் பேர் போய்வந்தார்கள். தாத்தா, அந்த ஆட்சி இருக்கும்வரை கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டு அபுவேலா போகவில்லை. தாத்தா இறந்த பிறகு அபுவேலாவுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பேத்தி போனாள், 2016ல். எனக்குப் படம் அனுப்பினாள். 2002ல் கியூபாவில் 156 சர்க்கரை ஆலைகளில் 70க்கு மேல் மூடினார்களே, அதில் தாத்தாவின் ஆலையும் ஒன்று. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்தக் கோப்பை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதியிருந்தாள்.

உங்கம்மா இருக்கிறாரா தம்பி? ஹட்டனுக்கு இப்போது போய்வர முடியுமே. முடிந்தால் கூட்டிப்போங்க.

சென்னிமலைக்காரி:

அக்கா, மாமியாருக்கு முழுசும் படித்துக் காட்டினேன். அம்மை வந்த இடத்தில் "மறுக்காப் படி" என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பாப்பாவைக் கூப்பிட்டுவைத்து, "நம்மூரு எது, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கரூர் அண்ணா சொன்னதையும் யோசித்தோம். முதல் வருஷம் ஹயாலியாவில் இருந்து பார்க்கிறோம். தமிழுக்கு நீங்கள் என்ன செய்தீங்க அக்கா? அங்கே கருவேப்பிலை கிடைக்குமா? வேறு என்ன எடுத்து வைக்க?

கவுந்தப்பாடி மகள்:

தமிழுக்கு எங்கம்மா செய்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அப்பாருக்கு ஒரு கடிதம் எழுதாமல் எனக்கு டிவி கிடையாது. நீல ஏரோகிராம், ஓரம்வரை நிரப்ப வேண்டும். அப்பாரு தப்புகளைச் சிவப்பு மையில் திருத்தி, பதிலோடு என் கடிதத்தையும் திருப்பி அனுப்புவார். தம்பி வளர்வதற்குள் போன் சுலபமாகிவிட்டது, கடிதம் நின்றது. அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதத் தெரியாது. அதனால் போனில் பேசுவதோடு விட்டுவிடாதீங்க, பாப்பாவைப் பாட்டிக்குக் கையால் எழுதவையுங்க.

கருவேப்பிலையை இங்கிருந்து கொண்டுபோக விடமாட்டார்கள். கவலை வேண்டாம், அந்த மண்ணுக்கு அதுவும் நன்றாக வரும், முருங்கையும் நன்றாக வரும். ஜூனிலிருந்து நவம்பர் கடைசிவரை புயல் காலம், தண்ணீரும் டார்ச்சும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். போன உடனே முன்வீட்டுக் கதவைத் தட்டிப் பாப்பாவைக் காட்டிவிட்டு வாங்க, அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீங்க.

பெட்டியில் இடம் இருந்தால் ஒரு கிலோ அச்சு வெல்லம். கவுந்தப்பாடிச் சந்தையில் புதுசாக இறங்குவதைப் பார்த்து நானே வாங்கி வருகிறேன், பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரைதான் போகிறது, சரக்கில் குறை இருக்காது. மே கடைசியில் பெருந்துறையில் எந்தக் கிழமை வீட்டில் இருப்பீங்க?